பல் மருத்துவரிடம் குழந்தையை அழைத்துச் செல்லும்போது

முதன்முறையாக என் அறைக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் வலியோடுதான் வருகிறார்கள். இரண்டு இரவுகள் தூங்காமல், வீங்கிய கன்னத்தில் கைவைத்தபடி, அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு வருகிற 4 வயதுக் குழந்தைக்கு வாயைத் திறக்கவும், அசையாமல் படுக்கவும், ஊசியைப் பொறுத்துக்கொள்ளவும் அன்றைக்கே கற்றுக்கொடுப்பது, வெள்ளம் வரும் நாளில் ஆற்றில் இறக்கி நீச்சல் பழக்குவதைப் போன்றது. அந்தக் குழந்தை அழுவதில் வியப்பில்லை. அழாமல் இருந்தால்தான் வியப்பு. குழந்தைகளுக்கான பல் சிகிச்சையில் பல ஆண்டுகளைக் கழித்த பிறகு பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சிகிச்சை நாற்காலியில் குழந்தை எப்படி நடந்துகொள்ளப்போகிறது என்பதன் பெரும்பகுதி அந்த நாற்காலியைப் பார்ப்பதற்கு முன்பே, வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியிலும் வீட்டுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வலி வருமுன் ஒருமுறை

பால் பற்களில் முதலாவது ஏறத்தாழ 6ஆம் மாதத்தில் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பற்களும் வந்துவிடுகின்றன. முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பதே குழந்தைப் பல் மருத்துவத்தில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். "இருக்கிறதே ரெண்டு பல்லு, அதுக்கு ஒரு டாக்டரா?" என்று ஓர் ஆச்சி என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். ஆனால் அந்த வருகையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதே அதன் பயன். வெளிச்சம், கையுறை அணிந்த கை, மருந்து வாசனை, முகக்கவசத்துக்கு மேலே தெரியும் இரண்டு கண்கள் ஆகியவை வலியோடு சேராமல் குழந்தையின் நினைவில் பதிகின்றன. பின்னாளில் ஊசி போட வேண்டிய நிலை வந்தாலும், தெரிந்த இடத்தில் நேரும் தெரியாத ஒரு செயலாக மட்டுமே அது இருக்கும்.

"விழப்போகிற பல்தானே" என்பது இதைவிடப் பழைய மறுமொழி. முன்பற்கள் 6, 7 வயதில் விழுவது உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லோடு ஒரு குழந்தை இன்னும் ஆறேழு ஆண்டுகள் சோறு மெல்ல வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், காத்திருந்து பார்ப்போம் என்ற முடிவு அவ்வளவு எளிதாக வராது.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தைப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்தவர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே செல்லலாம். சென்னையில் 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. சிற்றூர்களில் பொதுப் பல் மருத்துவரே குழந்தைகளையும் பார்ப்பார். அவர்களில் குழந்தைகளை அருமையாகக் கையாள்கிறவர்கள் பலரை நான் அறிவேன். எவரானாலும் முன்கூட்டியே தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது. முதல் நாள் பார்த்துப் பழக மட்டும் அழைத்து வரலாமா, குழந்தை கை தூக்கினால் வேலையை நிறுத்துவீர்களா, குழந்தை ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பவையே அவை. மூன்றாவது கேள்விக்கு "பிடிச்சுக்கிட்டுப் பண்ணிடலாம்" என்று உடனே பதில் வந்தால், வேறொரு இடத்திலும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் பேசும் பேச்சு

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளரும் குழந்தை நம் ஊரில் அரிது. சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் போலீஸ்காரர், சொன்ன பேச்சு கேட்காவிட்டால் டாக்டர் என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறோம். பூச்சாண்டியைக் குழந்தை நேரில் பார்க்கப்போவதில்லை. போலீஸ்காரரிடம் போக வேண்டிய தேவையும் வராது. அந்த வரிசையில் ஒருநாள் உண்மையிலேயே எதிரே வந்து, வாயைத் திற என்று சொல்லப்போகிறவர் டாக்டர் ஒருவர்தான். குழந்தை அவரைத் தண்டனை கொடுக்க வந்தவராகப் பார்ப்பதில் தவறு அதனுடையது அன்று. வீட்டில் எல்லோரும், குறிப்பாகத் தாத்தா பாட்டியும் வேலைக்கு வரும் அக்காவும், இந்த மிரட்டலை நிறுத்துவதே முதல் ஆயத்தம்.

இரண்டாவது, "வலிக்காது" என்ற ஆறுதல். கேட்க அன்பாக இருக்கிறது. ஆனால் அதில் குழந்தையின் காதில் விழுவது "வலி" மட்டுமே. அதுவரை வலியைப் பற்றி நினைத்தே பார்க்காத குழந்தை, இதில் வலிப்பதற்கும் இடம் உண்டு போலிருக்கிறது என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கும். "பயப்படாதே", "அழக்கூடாது", "ஊசியெல்லாம் கிடையாது" என்பவையும் இதே வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழங்கதைகள். "எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்போ மூணு பேர் அமுக்கிப் பிடிச்சாங்க" என்று சித்தப்பா விவரிப்பதை, பக்கத்தில் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் என்னதான் சொல்வது? குறைவாகவும் உண்மையாகவும் சொன்னால் போதும். "நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போறோம். அவர் உன் பல்லை எண்ணிப் பார்த்து, எத்தனை இருக்குன்னு நமக்குச் சொல்வார்." இதற்கு மேல் குழந்தை கேட்டால், "அது எனக்கும் சரியாத் தெரியல, அவர்கிட்டயே கேட்போம்" என்று சொல்லிவிடலாம்; அது நழுவல் அன்று, ஏனெனில் என்ன செய்யப்போகிறோம் என்பது பல்லைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அன்று காலையில் சொன்னால் போதுமானது. ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரம் முழுவதும் அஞ்சும். ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு என்று கிளப்பி மருத்துவமனை வாசலில் இறக்குவதைப் போன்ற பாதகம் வேறில்லை.

இதில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, "ஊசி இருக்கா?" என்று நேராகவே கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கைக்குள் மறைத்து எடுத்துப் போட்டேன். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அவளுடைய தந்தை என் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவள் வாசல் கிரில் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தாள். அவள் மறுபடியும் என் முன்னால் வாயைத் திறக்க ஆறு மாதங்கள் பிடித்தன. பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த ஆறு மாதத்தைச் செலவழித்தேன் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

வீட்டிலேயே ஒத்திகை

குழந்தையின் தலை உங்கள் மடியில் இருக்கும்படி படுக்கவைத்து, கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, சிறிய கரண்டியின் பின்புறத்தால் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். ஒன்று முதல் இருபது வரை எண்ணத் தெரிந்த குழந்தைக்குத் தன் வாய்க்குள்ளேயே அந்த இருபதும் இருக்கிறது என்பது பெருமையான செய்தி. படுத்த நிலையில் வாயைத் திறந்து வைத்திருப்பது, பிறர் விரல் வாய்க்குள் வருவது, முகத்தில் வெளிச்சம் அடிப்பது ஆகிய மூன்றும் இந்த விளையாட்டிலேயே பழகிவிடும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் பல் துலக்கிவிட வேண்டும் என்பதால், இரவில் இதே நிலையில் படுக்கவைத்துத் துலக்கும் வீடுகளில் தனி ஒத்திகையே தேவைப்படுவதில்லை. மூன்று வயதுக்குள் அரிசி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் தூரிகை முழுவதும் பிதுக்குவது பற்பசை விற்பதற்காக.

பிறகு குழந்தை டாக்டராகட்டும், பொம்மையோ அப்பாவோ நோயாளியாகட்டும். விளையாட்டில் குழந்தை பொம்மைக்கு என்ன செய்கிறது என்று கவனித்தால், எதற்கு அஞ்சுகிறது என்பது வெளிப்பட்டுவிடும். எடுத்தவுடன் பொம்மைக்கு ஊசி குத்தினால் ஊசியே அதன் மனத்தில் இருக்கிறது. மிக்ஸி ஓடும்போதும் குக்கர் விசில் அடிக்கும்போதும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையா என்பதையும் நினைவில் வைத்திருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பல்லைக் குடையும் கருவியின் ஒலியை அந்தக் குழந்தைக்குத் தொலைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

புறப்படும் நாள்

மாலை ஆறரை மணிக்கு, பள்ளி விட்டு, டியூஷனும் முடிந்து, பசியும் தூக்கமுமாக வரும் குழந்தையிடம் நல்ல நடத்தையை எதிர்பார்க்க முடியாது. கிளினிக்குகளில் கூட்டம் மிகுந்த நேரமும் அதுவே. சனிக்கிழமைக் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பகலில் தூங்கும் வயதானால் தூக்கத்துக்குப் பின்னான நேரத்தை வாங்குங்கள். வெறும் வயிற்றில் அழைத்து வரக்கூடாது. வயிறு முட்ட ஊட்டிவிட்டு உடனேயும் வரக்கூடாது, குமட்டினால் எல்லாம் வெளியே வரும். வருவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லியோ தோசையோ அளவாகக் கொடுத்தால் சரியாக இருக்கும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால், அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடுவதே முறை. மூக்கால் மூச்சுவிட முடியாத குழந்தை வாயில் தண்ணீர் நிரம்பியதும் மூச்சு முட்டுவதாக உணர்ந்து அலறும்; அதைப் பிடிவாதம் என்று நாங்களே தவறாக எண்ணிய நாள்கள் உண்டு.

உடன் வருகிறவர் ஒருவராக இருக்கட்டும், அதுவும் வீட்டில் பல் டாக்டரைக் கண்டு அஞ்சாத ஒருவராக. அம்மாவின் கை சில்லிட்டு நடுங்கினால், என்ன நடக்கப்போகிறது என்பதைக் குழந்தை அந்தக் கையிலிருந்தே தெரிந்துகொள்கிறது. அம்மா, அப்பா, ஆச்சி, அத்தை என்று நான்கு பேர் சூழ்ந்து நின்று, நான்கு பேரும் ஒரே நேரத்தில் "ஆ காட்டு கண்ணு" என்று சொல்லும் காட்சியை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அந்த இரைச்சலில் என் குரல் குழந்தைக்குக் கேட்பதே இல்லை. காத்திருக்கும் நேரம் நீள நீள அச்சமும் வளரும் என்பதால், முறை வர நேரமாகும் என்றால் டோக்கனை வாங்கிக்கொண்டு வெளியே ஒரு நடை போய்வருவது மேல்.

நாற்காலியில் நடப்பது

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை நாற்காலியில் உட்காரவைக்கவே வேண்டியதில்லை. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே அமர்ந்து, குழந்தையின் கால்கள் தாயின் இடுப்பின் இருபுறமும், தலை மருத்துவரின் மடியிலும் இருக்குமாறு சாய்த்தால், குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பற்களைப் பார்த்துவிட ஒரு நிமிடம் போதும். அப்போது குழந்தை அழலாம். அந்த வயதில் அழுகை என்பது பேச்சுதான், தோல்வி அன்று. அழும்போது வாய் நன்றாகத் திறந்திருப்பதால் எங்கள் வேலை சுலபமாகிறது என்பது எங்கள் தொழிலில் உள்ள பழைய வேடிக்கை.

மூன்று வயதுக்கு மேல் நாங்கள் பெரிதும் நம்பியிருப்பது, 1959இல் அடில்ஸ்டன் என்பவர் எழுத்தில் வைத்த எளிய முறை: சொல், காட்டு, செய். கருவியைப் பற்றிக் குழந்தைக்குப் புரியும் சொல்லில் சொல்வோம். அதைக் குழந்தையின் விரல் நகத்தில் ஓட்டிக் காட்டுவோம். பிறகு, சொன்னதையும் காட்டியதையும் மட்டுமே, கூடுதலாக எதையும் சேர்க்காமல் செய்வோம். எச்சிலை உறிஞ்சும் குழாய் யானையின் தும்பிக்கை ஆகிறது; காற்றும் தண்ணீரும் பீய்ச்சும் கருவி பல்லைக் குளிப்பாட்டும் ஷவர் ஆகிறது; மரத்துப்போகும் மருந்து பல்லைத் தூங்கவைக்கும் மருந்து ஆகிறது. மருத்துவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே பெற்றோரும் பயன்படுத்த வேண்டும். நான் தும்பிக்கை என்று சொல்லும்போது பின்னாலிருந்து அப்பா, "மெஷினை உள்ள விடுறாங்கடா, ஆடாம இரு" என்றால் யானை அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறது.

குழந்தையின் அச்சத்தில் பெரும்பங்கு வலியைப் பற்றியது அன்று. எப்போது முடியும் என்று தெரியாததும், நிறுத்தச் சொல்லத் தனக்கு வழியில்லாததுமே அதன் வேர். அதனால்தான் வேலை தொடங்குமுன், இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறோம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இந்த ஒப்பந்தத்தை எப்படிச் சோதித்தான் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. கருவி பல்லைத் தொடுவதற்கு முன்பே கையைத் தூக்கினான், நிறுத்தினேன். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி தொடங்கினேன், மறுபடி தூக்கினான், நிறுத்தினேன். மூன்றாம் முறை பாதி கை தூக்கி, நான் நிறுத்தியதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறக்கினான். அதற்குப் பிறகு அடைத்து முடிக்கும்வரை அந்தக் கை வயிற்றின் மேலேயே கிடந்தது. அவன் தந்தை அந்த மூன்று முறையும் "சும்மா விளையாடறான் டாக்டர், நீங்க பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ஒப்பந்தம் பொய்யாகியிருக்கும்.

இப்படி வரும் இடத்தில் பெற்றோரின் வேலை என்ன என்று கேட்பார்கள். காலடியில் உட்கார்ந்து, குழந்தையின் கணுக்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பேசாமல் இருப்பதுதான். சிறு குழந்தைக்கு அந்தத் தொடுதல் பெரிய துணை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் சிலர் அம்மா வெளியே போனதும் சட்டென்று பெரியவர்களாகிவிடுவார்கள். உங்களை வெளியே காத்திருக்கச் சொன்னால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒத்துழையுங்கள், மனம் ஒப்பாவிட்டால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அழும் குழந்தையைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் உறவினர் குழுவுக்கு அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அழுகையைக் காதால் பிரித்தறிதல்

எல்லா அழுகையும் ஒன்றல்ல. குழந்தைப் பல் மருத்துவப் பயிற்சியில் நான்கு வகை அழுகையைப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பெற்றோருக்கும் இது தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். பிடிவாத அழுகை உரத்தது, சங்கு ஊதுவதுபோல் ஏறி இறங்குவது, கால்களை உதைப்பதோடு சேர்ந்து வருவது; கண்ணீர் குறைவாகவே இருக்கும். இதற்கு உறுதியான, தாழ்ந்த குரலில் ஒரே ஒருவர் பேச வேண்டும், கெஞ்சினால் வளரும். அச்ச அழுகையில் கண்ணீர் பெருகும், மூச்சு விம்மி விம்மி உடைபடும். இந்தக் குழந்தையிடம் குரலை உயர்த்துவது கொடுமை. வேலையை நிறுத்தி, எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி சொல்-காட்டு-செய் என்பதில் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

வலி அழுகையைத்தான் எளிதில் தவறவிடுவோம். அது பெரும்பாலும் சத்தமில்லாதது. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். கண்ணோரத்தில் மட்டும் ஒரு துளி உருண்டு காதுப் பக்கம் இறங்கும். "பாருங்க, எவ்வளவு சமர்த்தா இருக்கான்" என்று நாம் பாராட்டும் அந்த நேரத்தில் அவனுக்கு மருந்து சரியாக ஏறவில்லை என்று பொருள். காலருகே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அவன் கால்விரல்கள் மடங்குவது எனக்கு முன்பே தெரியும், உடனே சொல்லுங்கள். நான்காவது வகை, கண்ணீரே இல்லாமல் ஒரே சுருதியில் "ம்ம்ம்" என்று இழுக்கும் முனகல். கருவியின் ஒலியைத் தன் ஒலியால் மூடிக்கொள்ளக் குழந்தை தானே கண்டுபிடித்த உத்தி அது. கருவி நின்றால் அதுவும் நின்றுவிடும். அதை நிறுத்தச் சொல்லவே கூடாது.

பயத்தால் வருவது எது, பழக்கத்தால் வருவது எது என்ற குழப்பத்துக்கும் இதில் விடை இருக்கிறது. வீட்டில் கேட்டதெல்லாம் அழுது பெற்ற குழந்தை இங்கேயும் அழுது பார்க்கும். அதில் குற்றம் காண ஏதுமில்லை, ஆனால் அதற்கு இணங்கிப் பாதியில் எழுப்பி வெளியே தூக்கிச் சென்றால் அந்த வழி பலிக்கிறது என்று கற்றுக்கொள்ளும். எனவே நிறுத்துவதாக இருந்தாலும், "இந்த ஒரு பல்லை மட்டும் எண்ணிட்டு இறங்கிக்கலாம்" என்று சிறியதொரு வேலையை முடித்துவிட்டே இறக்க வேண்டும். குழந்தையின் நடத்தையை முழு எதிர்ப்பு, எதிர்ப்பு, இணக்கம், முழு இணக்கம் என்று நான்கு படிகளாகக் குறிக்கும் ஃபிராங்கல் அளவுகோல் 1962 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறினால் அதுவே எங்களுக்குப் போதுமான முன்னேற்றம்.

ஊசி

மரத்துப்போகும் களிம்பை ஈறில் தடவி ஒன்றிரண்டு நிமிடம் காத்திருப்பதும், மருந்தை மெதுவாக, ஒரு மில்லிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற வேகத்தில் செலுத்துவதும் வலியைப் பெரிதும் குறைக்கும். அவசரப்பட்டுச் செலுத்துவதால் வரும் வலியே ஊசிமுனையின் வலியைவிடப் பெரிது. குழந்தையிடம், "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், நான் பத்து எண்ணறதுக்குள்ள குறைஞ்சிடும், நீ கால் கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே இரு" என்று சொல்வோம். எறும்பு கடிப்பதுபோல் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஆனால் ஒருமுறை அப்படிச் சொன்னபோது ஒரு சிறுவன் எழுந்தே ஓடிவிட்டான். முந்தைய வாரம் மாமரத்தடியில் அவனைக் கட்டெறும்பு கடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. உவமையைத் தேர்ந்தெடுக்குமுன் குழந்தையின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமை வைக்கும்போதோ பல்லின் அச்சு எடுக்கும்போதோ குமட்டும் குழந்தைகளுக்குக் கால்களை மாறி மாறித் தூக்கச் சொல்வதும், நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதும் பலருக்கு உதவுகின்றன.

வீட்டுக்குப் போன பிறகு உதடும் கன்னமும் இரண்டு, மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். இந்த நேரத்தில் சிறு குழந்தைகள் உதட்டைச் சூயிங்கம்போல் மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் காலையில் வீங்கி வெளுத்த உதட்டைப் பார்த்துச் சீழ் பிடித்துவிட்டது என்று பதறி ஓடிவரும் பெற்றோர் பலர். மரப்பு போகும்வரை சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்திலேயே இருந்து கவனித்தால் இது நேராது.

ஒன்றும் நடக்காதபோது

எவ்வளவு முயன்றாலும் சில குழந்தைகள் அந்த வயதில் ஒத்துழைக்க மாட்டார்கள். அவர்களைப் பிடித்து அமுக்கிச் செய்யும் பழைய வழி இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் முறையை ஒரு காலத்தில் பாடமாகவே கற்பித்தார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கிவிட்டது. முகம் வீங்கிக் காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு உடனே செய்தாக வேண்டிய வேலை வேறு. அவசரமில்லாத சொத்தைக்காகக் குழந்தையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. உங்கள் ஒப்புதல் இல்லாமல் எவரும் அப்படிச் செய்யவும் கூடாது.

மாற்று வழிகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுப் பெறலாம். 38 விழுக்காடு சில்வர் டையமின் ஃபுளோரைடு மருந்தைச் சொத்தையில் துளி தடவினால், குடையாமல், ஊசி இல்லாமல் சொத்தை பரவுவதைப் பல நேரங்களில் நிறுத்திவைக்கலாம். சொத்தையான இடம் கறுத்துப்போகும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடைவாய்ப் பல்லானால், ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்டு பரவிய முறைப்படி, பல்லைக் குடையாமலேயே எஃகு கேப்பை அதன் மேல் அழுத்தி ஒட்டிவிடலாம். நரம்புவரை போகாத சொத்தைக்கு அது பொருந்தும். கைக்கருவியால் மட்டும் சுரண்டி அடைக்கும் முறையும் உண்டு. காலம் கிடைத்தால், நான்கு வயதில் அலறிய குழந்தை ஐந்தரை வயதில் தானே ஏறிப் படுக்கும்.

ஓரளவு ஒத்துழைக்கும், ஆனால் நடுங்கும் குழந்தைக்குச் சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகக் கொடுப்பார்கள். 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்த வாயு அது. குழந்தை விழித்தே இருக்கும். முடிவில் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்ததும் தெளிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு பற்கள் கெட்டுப்போன மூன்று வயதுக் குழந்தைக்கு, மயக்க மருத்துவரை வைத்து மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிப்பதே பல நேரங்களில் கருணையான வழி. அதற்கு முன் தெளிந்த நீர் 2 மணி நேரமும், தாய்ப்பால் 4 மணி நேரமும், பசும்பாலும் இலகுவான உணவும் 6 மணி நேரமும் கொடுக்கக்கூடாது. பாவம் பசிக்குமே என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்தால் அறுவை சிகிச்சையே தள்ளிப்போகும். மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மேலே சொன்னவற்றில் சில அப்படியே பொருந்தாது. யானைத் தும்பிக்கை போன்ற உவமைகள் அவர்களைக் குழப்பலாம். பொருளின் நேரடிப் பெயரும், படங்களாக வரிசைப்படுத்திய படிகளும் உதவும். நாளின் முதல் முறையைக் கேட்டு வாங்குங்கள். எப்போதும் அதே அறை, அதே ஆள். வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடியும் ஒலிக்குக் காதடைப்பானும் எடுத்துச் செல்லுங்கள். முதல் இரண்டு வருகைகளில் அறைக்குள் நுழைந்து திரும்பினாலே போதும் என்று மருத்துவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில்

"குட் பாய்" என்பதைவிட, "ஊசி போடும்போது காலை ஆட்டிக்கிட்டே அசையாம இருந்தியே" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டு நெடுநாள் நிற்கும். பரிசு வாங்கித் தருவதானால் முடிந்த பிறகு கொடுங்கள். "அழாம இருந்தா சைக்கிள்" என்று முன்கூட்டிப் பேரம் பேசினால், சைக்கிள் அளவுக்குக் கடினமான ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்று குழந்தை சரியாகவே கணித்துவிடும். அழுதிருந்தாலும் அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடமும் பக்கத்து வீட்டிலும் அந்த அழுகையை நடித்துக் காட்டிச் சிரிப்பது அடுத்த முறை வரவிடாமல் தடுக்கும். குறிப்பேட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள்: எந்த நேரத்துக்குப் போனோம், எதைக் கண்டு மிரண்டது, எந்தச் சொல் பலித்தது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது. ஆறு மாதம் கழித்து அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் நான் முதலில் படிக்க விரும்புவது அதைத்தான்.